தஞ்சாவூர் - திருவாரூர் ரயில்ல ஜன்னலோரம் தெரியுற வயல்: பக்கத்து பக்கத்துல ஏன் இத்தனை நிறம்?

கேட்டவர் பிப்ரவரி ஆரம்பத்துல தஞ்சாவூர்லேர்ந்து திருவாரூருக்கு பாசஞ்சர்ல போயிருக்கார். ஒரு வயல்ல மெஷின் அறுத்துக்கிட்டு இருக்கு, வரப்பு தாண்டினா அடுத்த வயல் இன்னும் பச்சை மாறாம நிக்குது, அதுக்கு அந்தாண்ட காலி வயல்ல நூத்துக்கணக்குல செம்மறி ஆடு, ரோட்டுல பாதியை மறிச்சு நெல்லு காயுது. ஒரே ஊரு, ஒரே ஆத்துத் தண்ணி, ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டிருக்கார், கூடவே எந்த மாசம் போனா பார்க்க நல்லா இருக்கும்னும் கேட்டிருக்கார். நமக்கு நீடாமங்கலம் பக்கம்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, டெல்டாவுல பயிரைப் பார்த்தா ஒண்ணும் புரியாது, தண்ணியைப் பாக்கணும். எந்த வயலுக்கு தண்ணி எப்ப வந்துச்சு, எந்த வயல்லேர்ந்து தண்ணி எப்ப வடிஞ்சுச்சு, போர் மோட்டார் இருக்கா இல்லையா, இந்த மூணும் தெரிஞ்சா நீங்க பார்த்த நிறம் எல்லாத்துக்கும் கணக்கு வந்துரும்.

மேட்டூர்ல வழக்கமா தண்ணி திறக்குற தேதி ஜூன் 12, மூடுறது ஜனவரி 28. அணை கட்டி முடிச்சது 1934, முழுக்கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி, இதெல்லாம் எங்க ஊரு டீக்கடையில சின்னப் பையன் கூட சொல்லுவான், ஏன்னா காலையில பேப்பர் வந்ததும் மொதல்ல பாக்கிறது அணை நீர்மட்டம்தான். ஆனா அந்த ஜூன் 12 எல்லா வருஷமும் நடக்கிற காரியம் இல்ல. 2012லேர்ந்து எட்டு வருஷம் அந்தத் தேதியில திறக்க முடியல, 2020லதான் திரும்ப ஜூன் 12க்கு வந்துச்சு. 2022ல அணை நிறைஞ்சு கிடந்ததால மே 24க்கே திறந்தாங்க, 2024ல ஜூலை 28 வரைக்கும் காத்துக்கிடந்தோம். 2023ல தேதிக்கு திறந்துட்டு தண்ணி இல்லன்னு அக்டோபர்லயே மூடிட்டாங்க. ஆக நீங்க போற வருஷம் எதுங்கிறதைப் பொறுத்து அதே பிப்ரவரியில வேற காட்சி தெரியும்.

மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும். அங்க காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியும். கல்லணைக் கால்வாயைத்தான் தஞ்சாவூர்ல புது ஆறுன்னு சொல்றது, பெரிய கோயிலை ஒட்டி ஓடி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போகும். உங்க ரயில் போன பகுதி வெண்ணாத்துப் பாசனம். வெண்ணாறு நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புங்கிற எடத்துல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியுது. அடுத்த தடவை போனா எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சு அதைப் பார்த்துட்டு வாங்க, வரிசையா ஷட்டர் நிக்கும், எந்த ஆத்துக்கு எவ்வளவு தண்ணிங்கிறதை அங்கதான் அளந்து விடுறாங்க. ஒரு ஷட்டர் ரெண்டு அங்குலம் எறங்கினா பத்து ஊர் தாண்டி ஒருத்தன், ஷட்டரை ஏத்தி எறக்குற லஸ்கர்கிட்ட சண்டைக்கு நிப்பான்.

அப்பறம் அங்கேர்ந்து கிளை ஆறு, அதுலேர்ந்து வாய்க்கால், அதுலேர்ந்து சின்ன வாய்க்கால், கடைசியா வயல் மடை. தலைப்புல, அதாவது தண்ணி பிரியுற எடத்துக்குக் கிட்ட இருக்கிறவனுக்கு ஜூன் கடைசியிலயே தண்ணி. கடைமடையில, அதாவது நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் இருக்கிறவனுக்கு அது வந்து சேர்றதுக்குள்ள பாதி சீசன் போயிரும், வாய்க்கால் தூர் வாராம கிடந்தா அதுவும் வராது. இதுல இன்னொரு விஷயம், தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் நிலத்தடித் தண்ணி நல்ல தண்ணி, போர் போட்டு மோட்டார் வச்சிருக்கிறவங்க மேட்டூரை எதிர்பார்க்காமலே ஏப்ரல் மே மாசத்துலயே நாத்து விட்டுருவாங்க. கடலோரம் போகப் போக போர் போட்டா உப்புத்தண்ணி, அங்க ஆத்துத் தண்ணியும் மழையும்தான் கதி.

இதுலேர்ந்துதான் நீங்க பார்த்த நிறக்கலவை வருது. மோட்டார் இருக்கிறவர் குறுவை போடுவார், 110 நாள் வாக்குல வர்ற ரகம், ஆடுதுறை 43, ஆடுதுறை 45, கோ 51 இந்த மாதிரி. செப்டம்பர் அக்டோபர்ல அறுத்துட்டு அதே வயல்ல உடனே சேடை ஓட்டி, அதாவது தண்ணி கட்டி சேறா உழுது, தாளடி நடுவார், அது பிப்ரவரியில, சில எடத்துல மார்ச்சுலதான் வரும். பக்கத்து வயல்காரர் குறுவையே போடல, ஆகஸ்ட் செப்டம்பர்ல நேரா சம்பா. அது சி.ஆர் 1009 மாதிரி நீண்ட கால ரகமா இருந்தா 155 நாள், ஆந்திரா பொன்னியா இருந்தா இன்னும் கொஞ்சம் முந்தி. சம்பாக்காரர் தை மாசம் அறுக்கிறப்ப தாளடிக்காரர் வயல் பால் புடிச்சு பச்சையா நிக்கும். நடுவுல ஒரு வரப்புதான்.

ஆனா எல்லாப் பச்சையும் நல்ல பச்சை இல்ல. ரயில்லேர்ந்து பாக்கிறப்ப ரொம்ப அழகா கரும்பச்சையா ஒரு வயல் தெரிஞ்சா யூரியா கூடிப்போச்சுன்னு அர்த்தம், புகையான் பூச்சிக்கு அதுதான் விருந்து. வந்துச்சுன்னா வயல் நடுவுல வட்டம் வட்டமா தீஞ்சு போன மாதிரி காஞ்சு கிடக்கும், தூரத்துலேர்ந்தே தெரியும். இன்னொன்னு, பயிர் ஒரே பக்கமா படுத்துக்கிடக்கும், ஜன்னல்லேர்ந்து பார்க்க பாய் விரிச்ச மாதிரி நல்லாத்தான் இருக்கும், ஆனா அது கதிர் முத்துன நேரத்துல மழையும் காத்தும் அடிச்சு சாஞ்சது. அடியில தண்ணி வடியாம நின்னா நெல்லு கதிர்லயே முளைச்சிரும், மெஷின் எறங்கினாலும் பாதி மண்ணோட போயிரும்.

நட்ட விதத்தையும் ஜன்னல்லேர்ந்தே கண்டுபிடிக்கலாம். நேர்கோடா கயிறு புடிச்ச மாதிரி வரிசை தெரிஞ்சா மெஷின் நடவு, அதுக்கு பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற நாத்தங்கால்ல பதினஞ்சு இருபது நாள் வளர்ந்த நாத்து. வரிசை இல்லாம ஆனா குத்துக்குத்தா இருந்தா ஆள் நடவு. குத்தே இல்லாம அடர்த்தியா ஒரு எடம், மொட்டையா ஒரு எடம்னு இருந்தா நேரடி விதைப்பு, திருவாரூர் தாண்டினா இது ரொம்ப ஜாஸ்தி, தண்ணி வருமா வராதான்னு தெரியாதப்ப நாத்து விட்டு உக்கார முடியாது, உழவு ஓட்டி புழுதியிலயே விதையைத் தெளிச்சுட்டு மழைக்காக நிப்பாங்க.

ஆள் நடவுன்னு சொன்னேன், இப்ப நடவு வயல்ல தமிழ்ப் பேச்சு கேக்கும்னு நினைச்சு போகாதீங்க. பீகார், மேற்கு வங்கத்துலேர்ந்து வந்த ஆம்பளைங்க குழுவா எறங்கி நடுறாங்க, நாத்து பறிக்கிறதுலேர்ந்து நட்டு முடிக்கிற வரைக்கும் ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தம். எங்க ஊர்ப் பொம்பளைங்க கொஞ்சம் பேரு நூறு நாள் வேலைக்கும் கொஞ்சம் பேரு திருப்பூருக்கும் போயாச்சு, போகக்கூடாதுன்னு சொல்ல நாம யாரு. காலம்பூரா முட்டிக்கால் தண்ணியில குனிஞ்சு நின்ன வேலை அது, கூலி கேட்டதுக்கு இதே மண்ணுலதான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில 44 பேரை ஒரு குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் பிள்ளைங்களும். அந்த ஊர் நீங்க எறங்கின திருவாரூர்லேர்ந்து ரொம்ப தூரம் இல்ல. பச்சைப் பசேல்னு போட்டோ எடுக்கிறவங்க இதையும் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுன்னு நினைக்கிறேன்.

அதே மாதிரி வயல்ல நிக்கிற ஆளு நிலத்துக்குச் சொந்தக்காரர்னும் நினைச்சுராதீங்க. இங்க கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், மிச்சத்துலயும் சொந்தக்காரர் சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பார், சாகுபடி பண்றவர் குத்தகைக்காரர், பாதிப் பேருக்கு வாய்ப்பேச்சுதான், எழுத்துல ஒண்ணும் கிடையாது. வெள்ளம் வந்து பயிர் போனா இன்சூரன்சுக்கு அடங்கல், அதாவது யார் என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு வி.ஏ.ஓ. தர்ற சான்று, கொண்டாம்பாங்க, அவர் எங்க போவார். அளவும் இன்னும் மா கணக்குதான் ஓடுது, மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அஞ்சு மா வச்சிருக்கிறவரும் விவசாயிதான், அஞ்சு வேலி வச்சிருக்கிறவரும் விவசாயிதான், ஜன்னல்லேர்ந்து பார்த்தா ரெண்டு வயலும் ஒண்ணுதான்.

அறுக்கிற மெஷின் விஷயத்துக்கு வர்றேன். நீங்க பார்த்தது சக்கரத்துக்குப் பதிலா பெல்ட் இருந்துச்சுன்னா ஈரம் காயாத வயல், டயர் வண்டின்னா நல்லா காஞ்ச வயல். பெல்ட் வண்டிக்கு வாடகை கூட. நெறய வண்டி சேலம், ஆத்தூர்ப் பக்கத்துலேர்ந்து சீசனுக்கு வரும், எல்லா வயலும் ஒரே வாரத்துல முத்தி மழையும் மிரட்டிச்சுன்னா மணிக்கு இவ்வளவுன்னு சொன்ன ரேட்டு ராத்திரியோட ராத்திரியா ஏறிரும். முன்னாடி அரிவாளால அறுத்து, கட்டு கட்டி, களத்துல அடிச்சு, காத்துல தூத்தி, அதுக்குள்ள நெல்லு தானா காஞ்சிருக்கும். இப்ப மெஷின்லேர்ந்து ஒரு மணி நேரத்துல டிராக்டர் டிப்பர்ல கொட்டுற நெல்லு ஈரமா இருக்கும், இருபது சதவீதத்துக்கு மேல. அரசு கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரம் வரைக்கும்தான் எடுப்பாங்க, மழைக் காலத்துல டெல்லியிலேர்ந்து அனுமதி வாங்கி தளர்த்துவாங்க, அது வர்றதுக்குள்ள நெல்லு என்ன ஆகும்? அதான் ரோடு. ஊர்ப் பொதுக் களத்துக்கு எடம் போய் ரொம்ப நாளாச்சு, வெயில்ல சூடேறின தார் ரோட்டை விட்டா சீக்கிரமா காயிற எடம் வேற இல்ல. காலையில விரிச்சு, அரைமணிக்கு ஒருக்கா காலாலயே கோடு போட்ட மாதிரி கிளறி விட்டு, சாயந்திரம் பனி எறங்குறதுக்கு முன்னாடி குவிச்சு தார்ப்பாய் போட்டு சுத்தி கல்லு வைப்பாங்க. அந்தக் கல்லுதான் ராத்திரியில ஆபத்து, பைக்குல போறவங்க பார்த்துப் போங்க, கறுப்புத் தார்ப்பாய் லைட்டுல தெரியவே தெரியாது.

கொள்முதல் நிலையம்னு சொன்னேன்ல, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஓரத்துல ஒரு ஷெட்டு, அதைச் சுத்தி நெல்லு மலை மலையா, ரெண்டு தூத்துற மெஷின், சாக்கு அடுக்கு, இதுதான். 40 கிலோ சாக்குல புடிப்பாங்க. 2025-26 சீசனுக்கு மத்திய அரசு விலையும் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகம் குவிண்டால் 2545 ரூபா, பொது ரகம் 2500 ரூபா. அங்க நெல்லைக் கொட்டிட்டு டோக்கன் வரிசை வர்ற வரைக்கும் விவசாயி குவியல் மேலயே படுத்துக்கிடப்பார், ஆடு மாடு மேயும், மழை வரும். 2025 அக்டோபர் மழையில குறுவை நெல்லு அப்படித்தான் நனைஞ்சு குவியல்லயே முளை விட்டுச்சு. ஒரு கை அள்ளிப் பார்த்தா நெல்லுக்கு நெல்லு வெள்ளை முளை, புளிச்ச வாடை அடிக்கும், கையை உள்ள விட்டா சூடா இருக்கும். அந்த சூட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவன் அக்டோபர்ல வானம் கறுத்தா ரசிக்க மாட்டான்.

இங்க புடிச்ச நெல்லு நீடாமங்கலத்துல கூட்ஸ் வண்டியில ஏத்தி அரவைக்கு வெளி மாவட்டம் போகும். நீங்க பஸ்ஸுல போயிருந்தா அதோட மகிமை தெரிஞ்சிருக்கும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டு அப்படி. கூட்ஸ் உள்ள வர, எஞ்சின் மாத்த, மன்னார்குடி வண்டி திரும்பன்னு ஒரு தடவை கேட்டு மூடினா ரெண்டு பக்கமும் லாரியும் பஸ்ஸும் வரிசை கட்டி நிக்கும், கடலை விக்கிறவங்களுக்கு அதுதான் பொழப்பு.

இப்ப ஆடு. அது உள்ளூர் ஆடு இல்ல. ராமநாதபுரம் சீமையிலேர்ந்து கீதாரிங்க, அதாவது ஊர் ஊரா மந்தை ஓட்டுற ஆட்டுக்காரங்க, ஓட்டிக்கிட்டு வர்றது. அங்க தை மாசத்துக்கு மேல புல்லு இருக்காது, இங்க அறுப்பு முடிஞ்சு வயல் காலியா இருக்கும், அதனால குடும்பத்தோட கிளம்பி வந்துருவாங்க, திரும்ப ஆத்துல தண்ணி வந்து உழவு ஆரம்பிக்கிறப்பதான் ஊருக்குத் திரும்புவாங்க. பகல்ல மேய்ச்சல், ராத்திரி யார் வயலுக்குப் பேசியிருக்கோ அந்த வயல்ல வலை கட்டி கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயல்ல விழுறதுக்குத்தான் வயல்காரர் ராத்திரிக்கு இவ்வளவுன்னு காசு கொடுப்பார். ஆட்டு எரு அந்த வருஷம் மாட்டு எரு மறு வருஷம்னு பெரியவங்க சொல்றது சரியா தப்பா தெரியாது, ஆனா கிடை போட்ட வயல்ல குறுவை நட்டா யூரியா மூட்டை கொறையுங்கிறது கண்ணால பார்க்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தீங்கன்னா வெயிலுக்குக் குடை மாதிரி பெரிய கூடை கவுத்து வச்சிருப்பாங்க, உள்ள பொறந்து ரெண்டு மூணு நாளான குட்டிங்க. தாய் ஆடு மேய்ச்சலுக்குப் போயிருக்கும், சாயந்திரம் மந்தை திரும்புறப்ப அத்தனை தாயும் அத்தனை குட்டியும் ஒரே நேரத்துல கத்தும், அந்தக் கூச்சல்ல எது எந்தக் குட்டியோட தாய்னு கீதாரிக்கும் தெரியும் ஆட்டுக்கும் தெரியும், நமக்கு ஒரு எழவும் புரியாது.

இதுலயும் ஒரு சண்டை உண்டு. எல்லா வயலும் காலி இல்ல, அறுத்த தாளுக்கு நடுவுல கீழ கவனிச்சுப் பார்த்தா சின்னச் சின்ன எலையா உளுந்தும் பயறும் தெரியும். நெல்லு நிக்கிறப்பவே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்னாடி, மண்ணு மெழுகு பதத்துல இருக்கிறப்ப விதையைத் தெளிச்சு விட்டுருவாங்க, உழவு கிடையாது, தண்ணி கிடையாது, மண்ணுல இருக்கிற ஈரமும் பனியும்தான், 70, 75 நாள்ல செலவில்லாத ஒரு வெள்ளாமை. பெல்ட் மெஷின் வந்ததுலேர்ந்து இதுக்குக் கேடு, மொளைச்சு வர்றதை அப்படியே அமுக்கிட்டுப் போயிருது. போதாததுக்கு வைக்கோலை உருட்டிக் கட்டுற மெஷின் வேற ஒரு சுத்து வரும். அந்த உருளைக் கட்டுங்களை லாரியில ஏத்தி கேரளா, நாமக்கல்னு அனுப்பிருவாங்க, அதனால இப்ப வீட்டுக் கொல்லையில வைக்கோல் போர் பாக்கிறதே அபூர்வம், மாடு இருந்தாத்தானே போர்.

மத்ததை வேகமா சொல்லிடறேன். வாய்க்கால் பூரா ஊதா பூவோட செழிப்பா நிக்கிறது ஆகாயத்தாமரை, கரையோரம் ரோஸ் பூ பூத்து நிக்கிறது நெய்வேலிக் காட்டாமணக்கு, ரெண்டும் போட்டோவுக்கு நல்லா இருக்கும், ரெண்டும் வடிகாலை அடைக்கிற சனியன். ஆத்துக்கரையில வரிசையா நிக்கிற தேக்கு வனத்துறை வச்சது, யாரும் வெட்ட முடியாது. திருவாரூர் சுத்துவட்டாரத்துல வயலுக்கு நடுவுல கம்பி வேலி போட்டு குழாயும் வால்வும் நிக்குதே, அது எண்ணெய்க் கிணறு. புதுசா தோண்டக்கூடாதுன்னு 2020ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா சட்டம் போட்டாங்க, இருக்கிறது அப்படியே இருக்கு. வழியில கோவில்வெண்ணின்னு ஒரு சின்ன ஸ்டேஷன், கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் ஜெயிச்ச வெண்ணி அதுதான், கல்லணையும் அவர் பேர்லதான் இருக்கு, ஆனா வண்டி ஒரு நிமிஷம் நின்னுட்டு கிளம்பிரும்.

எப்ப போகலாம்னா, எதைப் பார்க்கணுங்கிறதைப் பொறுத்துதான். பச்சை மட்டும் போதும்னா நவம்பர் கடைசி, டிசம்பர், ஆனா மழைக்காலம், புயல் செய்தி பார்த்துட்டுக் கிளம்புங்க. தங்க நிறம் வேணும்னா பொங்கலுக்கு முன்னப் பின்ன ஒரு பத்து நாள். வேலை நடக்கிறதைப் பார்க்கணும்னா ஜூலை, ஆகஸ்ட், தண்ணி தேதிக்கு திறந்த வருஷமா இருந்தா ஒரு பக்கம் இரும்புச் சக்கரம் மாட்டின டிராக்டர் சேடை ஓட்டும், பின்னாடியே கொக்கு கூட்டம் புழு பொறுக்கிக்கிட்டு நடக்கும், ஒரு பக்கம் நாத்துக்கட்டு வீசுவாங்க, ஆடிப்பெருக்கும் அந்த சமயத்துலதான். ஏப்ரல் மே வந்தீங்கன்னா மண்ணு வெடிச்சு, அங்கங்க பருத்தி, உளுந்துச் செடி ரோட்டுல காயும், பஸ்ஸு ஏறி ஏறியே பாதி காய் உடைஞ்சிரும். அழகுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஆறு காஞ்சிருக்கிறப்பதான் ஷட்டர், மதகு, வாய்க்கால் தலைப்பு எல்லாம் எப்படி அமைச்சிருக்காங்கன்னு முழுசா தெரியும், எனக்கு அந்த மாசமும் பிடிக்கும்.

ரயில் மொத்தமே 55 கிலோமீட்டர் வாக்குலதான், சீக்கிரம் முடிஞ்சிரும். நேரம் இருந்தா தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறுக்கு டவுன் பஸ்ஸுல ஒரு தடவை போங்க, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா அஞ்சு பாலம் தாண்டும், ஒவ்வொரு பாலத்துலயும் தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு பார்த்து வச்சுக்கிட்டு அப்பறம் திருவாரூர் வண்டி ஏறினா எந்த வயல் ஏன் அப்படி இருக்குன்னு நீங்களே பக்கத்து சீட்டுக்காரருக்கு சொல்லலாம். அவர் உள்ளூர்க்காரரா இருந்தா மறுத்துப் பேசுவார், அதையும் கேட்டுக்குங்க.